கடன், சேமிப்பு, வரி: வேலைக்குச் சேர்ந்த புதிதில் எதை எந்த வரிசையில் செய்வது

ஜனவரி வந்தால் எங்கள் கணக்குப் பிரிவுக்குப் புதுப் பையன்களும் பெண்களும் வரிசையாக வருவார்கள். கேள்வி ஒன்றுதான்: "அண்ணா, டேக்ஸ் மிச்சம் பண்ண எதுல போடறதுங்க?" சம்பளச் சீட்டைப் பார்த்தால் பலருக்கு வரியே வராது. ஆனால் கிரெடிட் கார்டில் பாக்கி இருக்கும், ஆப்பில் கடன் இருக்கும், அம்மாவின் வளையல் கூட்டுறவுச் சங்கத்தில் இருக்கும். கடைசியில் பார்க்க வேண்டியதை முதலில் பார்க்கிறார்கள் என்பதுதான் நான் வருடா வருடம் காணும் சிக்கல்.

கீழே உள்ள வரிசைக்குக் காரணம் உண்டு. ஒரு படியின் விடை தெரியாமல் அடுத்த படிக்குப் போனால் தப்பான இடத்தில் பணம் போகும். கோயம்புத்தூரில் எங்கள் தரப் பிரிவில் சேர்ந்த ஒரு தம்பியின் கணக்கை இடையிடையே காட்டுகிறேன். அவர் சம்மதித்ததுதான், எண்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.

1. உட்காருவதற்கு முன் எடுத்து வைக்க வேண்டியவை

கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, எல்லா வங்கிக் கணக்குகளின் ஆறு மாத ஸ்டேட்மென்ட், ஒவ்வொரு கடனுக்கும் தனித்தனி ஸ்டேட்மென்ட், பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) கணக்கின் யூஏஎன் எண், ஆதாருடன் இணைத்த பான். கூடவே ஒரு நோட்டு. எக்செல் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் முதல் தடவை கையால் எழுதினால்தான் உறைக்கிறது.

இவற்றோடு உங்கள் கிரெடிட் ரிப்போர்ட்டையும் (உங்கள் கடன்களையும் அவற்றைக் கட்டிய விதத்தையும் பதிந்து, ஸ்கோர் என்ற மதிப்பெண் தரும் அறிக்கை) எடுங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. உங்கள் அறிக்கையை நீங்களே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது.

ஏன் இவ்வளவு காகிதம்? கடனைப் பொறுத்தவரை ஞாபகம் எப்போதும் நமக்குச் சாதகமாகவே பேசும். அந்தத் தம்பி "மூணு கடன்தான் அண்ணா" என்றுதான் ஆரம்பித்தார். எழுதி முடித்தபோது ஆறு. ரிப்போர்ட்டில் ஏழாவதாக ஒன்று இருந்தது: கல்லூரி நண்பனுக்காக இவர் பெயரில் தவணையில் எடுத்த போன். நண்பன் இரண்டு தவணை கட்டவில்லை. அடி விழுந்தது இவருடைய ஸ்கோரில். அந்தக் கதை 6-ஆம் படியில் மறுபடி வரும்.

2. சிடிசியை மறந்துவிட்டு, கைக்கு வருவதைப் பாருங்கள்

தம்பியின் சிடிசி (அவருக்காக நிறுவனம் செலவிடும் மொத்தத் தொகை) ஆண்டுக்கு 4.8 லட்சம், அதாவது மாதம் 40,000. அவரும் செலவை 40,000-ஐ மனதில் வைத்தே போட்டிருந்தார். உண்மையில் நடப்பது இது. நிறுவனம் கட்டும் பிஎஃப் பங்கு 1,800, கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) ஒதுக்குவது 962, குழுக் காப்பீடு 400, ஆண்டுக்கு ஒருமுறை தரும் வேரியபிள் (மாறும் ஊதியம்) மாதக் கணக்கில் 3,000. இவை போக 33,838. அதில் அவருடைய பிஎஃப் பங்கு 1,800 போனால் கைக்கு 32,038.

கிராஜுவிட்டி வேலையை விடும்போது, அதற்கான தகுதி இருந்தால் மட்டுமே கிடைக்கும். வேரியபிளை வந்த பிறகு எண்ணிக்கொள்ளலாம். இரண்டையும் மாத வருமானத்தில் சேர்க்காதீர்கள்.

தமிழ்நாட்டில் தொழில் வரி அரையாண்டுக்கு ஒருமுறை பிடிக்கப்படும். மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சிக்குப் போகும் பணம் அது. ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் போகாது. ஆனால் ஒரே மாதத்தில் 1,250 குறைந்தால் "சம்பளத்தைக் குறைச்சுட்டாங்க" என்று பதறி வருகிறார்கள். அந்த மாதத்தை முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.

பிஎஃப் பாஸ்புக்கிலும் ஒரு குழப்பம் வரும். உங்கள் பங்கு 1,800 முழுதாக இருக்கும், நிறுவனத்தின் பங்கு 550 மட்டும் தெரியும். யாரும் ஏமாற்றவில்லை. நிறுவனத்தின் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் ஓய்வூதியக் கணக்குக்குப் போகிறது. 15,000 ரூபாய் ஊதிய வரம்பில் அது 1,250. அதே பக்கத்தில் ஓய்வூதியம் என்ற தனிப் பத்தியில் இருக்கும்.

3. எல்லாக் கடனையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவாருங்கள்

இந்த வழிகாட்டியில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். நம் ஊரில் வட்டியை ஆளுக்கொரு மொழியில் சொல்வார்கள். எல்லாவற்றையும் ஆண்டு வட்டியாக மாற்றினால்தான் ஒன்றோடு ஒன்று ஒப்பிட முடியும்.

"ரெண்டு வட்டி", "மூணு வட்டி" என்பது நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு, மூன்று ரூபாய். ஆண்டுக்கு 24%, 36%. பேச்சில் சின்னதாகத் தெரிவதுதான் அதன் வசதியே. "பத்து வட்டி" என்றால் ஆண்டுக்கு 120%. அது கந்துவட்டி. தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

ஃபிளாட் வட்டி அடுத்த கண்கட்டு. தம்பியின் பைக் கடன் 90,000 ரூபாய், 36 மாதம், "பத்து பர்சன்ட்தான்" என்று ஷோரூமில் சொல்லியிருக்கிறார்கள். மூன்று ஆண்டு வட்டி 27,000, மொத்தம் 1,17,000, தவணை 3,250. ஆனால் மாதா மாதம் அசல் குறைந்துகொண்டே வருகிறது, வட்டி மட்டும் முழு 90,000-க்கும் கடைசி வரை கணக்காகிறது. குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் அது கிட்டத்தட்ட 18%.

ஆப் கடனில் முன்பிடித்தம் இருக்கும். 8,000 ரூபாய் கடன் என்று சொல்லி, கட்டணம் போக 7,200 கைக்கு வந்தது. 30 நாளில் 8,000 கட்ட வேண்டும். 7,200 ரூபாய்க்கு ஒரு மாத வாடகை 800. ஆண்டுக் கணக்கில் 133%. கடன் தருபவர் எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டு விகிதத்தை முக்கிய விவர அறிக்கை ஒன்றில் எழுதித் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அது இல்லாத ஆப்பில் கை வைக்காதீர்கள்.

கிரெடிட் கார்டு பாக்கிக்கு மாதம் 3.5% என்றால் ஆண்டுக்கு 42%. வட்டியின் மேல் 18% ஜிஎஸ்டி தனி.

தம்பியின் நோட்டில் கடைசியாக வந்த பட்டியல் இது:

ஆப் கடன் 8,000 (133%)
கிரெடிட் கார்டு 40,000 (42%)
பைக், தவணை 3,250 (சுமார் 18%)
கல்விக் கடன் 3,60,000, தவணை 6,070 (10.5%)
அம்மாவின் நகை 60,000 (10%)
நண்பரிடம் கைமாத்து 15,000 (வட்டி இல்லை)

பட்டியலை அவர் ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தார். அவரைத் தூங்கவிடாமல் செய்த கடன் கல்விக் கடன், தொகை பெரிது என்பதால். பணத்தைத் தின்றுகொண்டிருந்ததோ மேலே இருந்த இரண்டு சின்னக் கடன்கள்.

4. தேதிகளை நகர்த்துங்கள்

சம்பளம் 7-ஆம் தேதி, தவணை 5-ஆம் தேதி. இது ஒன்று மட்டுமே மாதா மாதம் பணத்தைக் கரைக்கும். ஆட்டோ டெபிட் திரும்பினால் வங்கி ஒரு கட்டணம் போடும், கடன் கொடுத்தவர் இன்னொன்று போடுவார், கிரெடிட் ரிப்போர்ட்டிலும் தாமதம் பதிவாகும். பணம் இல்லாமல் திரும்பியதா, இரண்டு நாள் தள்ளி வந்ததால் திரும்பியதா என்று அங்கே யாரும் கேட்கப் போவதில்லை.

கடன் கொடுத்தவரிடம் தவணைத் தேதியை 10-க்கு மாற்றச் சொல்லி மின்னஞ்சல் அனுப்புங்கள். பலர் மாற்றித் தருவார்கள். மாறாவிட்டால், அந்த ஒரு தவணைக்கான தொகையைச் சம்பளம் வந்த அன்றே வேறு கணக்கில் ஒதுக்கி, அதிலிருந்து டெபிட் ஆகும்படி வையுங்கள். கார்டின் பில் தேதியையும் மாற்றிக்கொள்ளலாம்.

அடைக்கத் தொடங்குவதற்கு முன் இதைச் செய்யச் சொல்வதற்குக் காரணம், ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதுதான்.

5. முதலில் ஒரு சின்னக் கையிருப்பு

கார்டுக்கு 42% வட்டி ஓடும்போது சேமிப்புக் கணக்கில் பணத்தைப் போட்டு வைப்பது முட்டாள்தனமாகத் தோன்றும். கணக்குப்படி அது சரிதான். ஆனால் நான் பார்த்தவரை, கையில் ஒரு ரூபாய் இல்லாமல் கார்டை அடைத்தவர் எல்லாரும் அடுத்த பஞ்சருக்கு, அடுத்த காய்ச்சலுக்கு அதே கார்டைத் தேய்த்தார்கள்.

பத்தாயிரம் போதும். சம்பளம் வராத, யூபிஐ இணைக்காத வேறொரு கணக்கில் வையுங்கள். எடுக்க ஒரு நாள் ஆக வேண்டும், அவ்வளவுதான் தடுப்பு.

இதற்கு ஒரே விதிவிலக்கு ஆப் கடன். அதை வைத்துக்கொண்டு கையிருப்பு சேர்ப்பதில் அர்த்தமில்லை. தம்பிக்குத் தீபாவளி போனஸ் 18,000 வந்தது. அன்று மாலையே 8,000 ஆப்புக்குப் போனது, 10,000 தனிக் கணக்குக்கு. துணி எடுக்கவில்லையா என்று வீட்டில் கேட்டார்களாம்.

6. அடைக்கும் வரிசை

பொது விதி எளிது: எல்லாக் கடனுக்கும் கட்ட வேண்டிய குறைந்தபட்சத்தைக் கட்டுங்கள், மிஞ்சுவதை வட்டி அதிகமான ஒன்றில் போடுங்கள். விதியைவிட விதிவிலக்குகள்தான் இங்கே முக்கியம்.

*கிரெடிட் கார்டு.* "மினிமம் டியூ கட்டிட்டுத்தான் இருக்கேன்" என்று நிம்மதியாகச் சொல்வார்கள். 40,000 பாக்கிக்கு மாத வட்டி 1,400, அதன் மேல் ஜிஎஸ்டி 252. இரண்டாயிரம் கட்டினால் அசலில் குறைவது 348 ரூபாய். அதோடு, முழுப் பாக்கியையும் கட்டாதவரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். 45 நாள் வட்டியில்லாக் காலம் என்பது முழுத் தொகையைக் கட்டுபவருக்குத்தான்.

ஆகவே முதல் வேலை, எல்லா ஆப்பிலிருந்தும் அந்தக் கார்டை நீக்குவது. அடுத்து, பாக்கியைத் தவணையாக மாற்ற முடியுமா என்று கார்டு தந்த வங்கியிடமே கேளுங்கள். தம்பிக்கு 18% வட்டியில் 12 மாதம் கிடைத்தது. தவணை 3,667, முதல் மாத ஜிஎஸ்டியோடு 3,775. அவர் கையில் மாதம் மிஞ்சியது 4,218 (வீட்டுக்கு 7,000, அறையும் மெஸ்ஸும் 9,000, பெட்ரோலும் போனும் 2,500, தவணைகள் 9,320 போக). இறுக்கம்தான், ஆனால் முடிகிற தேதி தெரிந்துவிட்டது. முன்பு அதே பணம் போய்க்கொண்டிருந்தது, முடிகிற தேதிதான் இல்லை.

பாக்கியை அடைக்க நகையை வைக்கலாமா என்று கேட்பார்கள். 42 சதவீதத்தை 10 சதவீதமாக மாற்றுவது நல்ல கணக்கு. ஆனால் கார்டு மறுபடி ஏறினால் கடனும் இருக்கும், நகையும் போயிருக்கும். ஆறு மாதம் கார்டைத் தொடாமல் இருந்து காட்டியவருக்கு மட்டும் நான் இதைச் சொல்வேன்.

*பைக் கடன்.* நிலையான வட்டியில் உள்ள கடனை முன்கூட்டி முடித்தால் கட்டணம் கேட்கலாம். ஒப்பந்தத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். முடித்தபின் என்ஓசி (கடன் முடிந்தது என்ற தடையின்மைச் சான்று) வாங்கி, ஆர்டிஓவில் படிவம் 35 கொடுத்து, ஆர்சி புத்தகத்தில் உள்ள அடமானப் பதிவை நீக்க வேண்டும். இதை விட்டவர்கள் வண்டியை விற்கும்போதுதான் அலைவார்கள்.

*கல்விக் கடன்.* படிக்கும் காலத்திலும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். தவணை தொடங்கும்போது அது அசலோடு சேரும். அதனால் சலுகைக் காலத்திலேயே வட்டியை மட்டுமாவது கட்ட முடிந்தால் கட்டுங்கள். பெரிய பிழை ஒன்று உண்டு: தேர்தல் சமயத்தில் தள்ளுபடி பேச்சு வரும், அதை நம்பிக் கட்டாமல் விடுவார்கள். கடனில் அப்பாவோ அம்மாவோ இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டிருப்பார். நீங்கள் கட்டாத ஒவ்வொரு மாதமும் அவர் பெயரிலும் பதிவாகும். பிறகு அவருக்கு ஒரு கறவை மாட்டுக் கடன்கூடக் கிடைப்பது கடினம்.

*வீட்டு நகை.* கணக்குப்படி 10.5% கல்விக் கடனை முதலில் அடைக்க வேண்டும், 10% நகையை அப்புறம். நான் மாற்றிச் சொல்வேன். நகைக் கடனை ஆண்டுதோறும் வட்டி கட்டித் திருப்பி வைத்துக்கொண்டே போவார்கள். ஒரு வருடம் தவறினால் ஏல நோட்டீஸ் வரும். அரை சதவீத வித்தியாசத்துக்காக அம்மாவின் வளையலைப் பணயம் வைக்க வேண்டாம்.

*கைமாத்து.* வட்டி இல்லை என்பதால் கடைசியில் வைப்பார்கள். எப்போது எவ்வளவு என்று தேதியோடு நண்பரிடம் சொல்லிவிடுங்கள். மாதம் 400 கொடுத்தாலும் சரி. சொல்லாமல் இருப்பதுதான் நட்பைக் கெடுக்கிறது.

*கையெழுத்து.* யாருக்கும் ஜாமீன் போடாதீர்கள், யாருக்காகவும் உங்கள் பெயரில் தவணைப் பொருள் எடுக்காதீர்கள். தம்பியின் நண்பனுடைய போனுக்கு மீதி மூன்று தவணையைத் தம்பியே கட்டி முடித்தார், கட்ட வேண்டியவன் என்று சட்டம் பார்ப்பது அவரைத்தான். அம்மாதங்களில் கைமாத்து வாங்கியதே இதற்காகத்தான் என்று பிறகு சொன்னார்.

*செட்டில்மென்ட்.* "பாதி கட்டுங்க, முடிச்சுக்கலாம்" என்று வசூல்காரர் அழைப்பார். ரிப்போர்ட்டில் அது 'செட்டில்டு' என்று பதிவாகும், 'குளோஸ்டு' என்று வராது. வீட்டுக் கடன் கேட்கப் போகும்போது முதலில் கண்ணில் படுவது அதுதான். வேறு வழியே இல்லாதபோது மட்டும் அந்தப் பக்கம் போங்கள். வசூல்காரர்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் அழைக்கக் கூடாது. போனில் உள்ளவர்களுக்கெல்லாம் படம் அனுப்புவேன் என்று மிரட்டும் போலி ஆப் என்றால், பணம் கட்டிச் சமாதானம் பேசாமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

7. காப்பீடு: இரண்டு கேள்விகள் போதும்

உங்களை நம்பி யாராவது இருக்கிறார்களா? இருந்தால் டேர்ம் காப்பீடு (நாம் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் வரும் பாலிசி). அது திரும்பி வராத பணம்தான், அதனால்தான் மலிவு. ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் யார் கட்டுவது? மாத ஊதியம் 21,000-க்குள் என்றால் இஎஸ்ஐ (தொழிலாளருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) இருக்கும். அதற்கு மேல் என்றால் நிறுவனத்தின் குழுக் காப்பீடு இருக்கலாம், ஆனால் அது வேலையோடு போய்விடும். பெற்றோரும் அதில் சேர்ந்திருக்கிறார்களா என்று மனிதவளப் பிரிவில் கேளுங்கள்.

சித்தப்பா முறையில் ஒருவர் வந்து "இருபது வருஷம் கட்டு, மொத்தமா வரும், வரியும் மிச்சம்" என்பார். அந்த மாதிரித் திட்டங்களில் ஆண்டு வருமானம் ஆறு சதவீதத்தைத் தாண்டுவது அபூர்வம், கவரேஜும் சொற்பம். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் திருப்பித் தரலாம். சித்தப்பா கோபித்துக்கொள்வார், கொஞ்ச நாளில் சரியாகிவிடும்.

8. சேமிப்பு

கார்டு பாக்கி முடிந்த மாதத்தில் அந்தத் தவணைத் தொகை கையில் மிஞ்சும். அந்த முதல் மாதத்திலேயே அதை ஆர்டிக்கு (மாதா மாதம் கட்டும் வங்கிச் சேமிப்பு) மாற்றுங்கள். ஒரு மாதம் செலவழித்துப் பழகிவிட்டால் திரும்பப் பிடிக்க முடியாது.

முதல் இலக்கு, மூன்று மாதத் தவிர்க்க முடியாத செலவு. இது வங்கி ஆர்டி, எஃப்டி (நிலையான வைப்பு) இரண்டிலும் இருக்கட்டும். ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரை டெபாசிட் காப்பீடு உண்டு. இந்தப் பணத்தைப் பங்குச் சந்தையில் வைக்காதீர்கள். தேவைப்படும் நாளில் விலை இறங்கியிருக்கலாம்.

சீட்டு பற்றிக் கேட்காமல் யாரும் எழுந்து போனதில்லை. பதிவு செய்த ஏலச் சீட்டு 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும், நடத்துபவரின் கமிஷனுக்கு 7% வரம்பு. தெருவில் அக்கா நடத்தும் சீட்டுக்கும் தீபாவளிச் சீட்டுக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. அக்கா நல்லவராகவே இருந்தாலும், முன்னால் எடுத்தவர் கட்டாமல் போனால் அவரால் என்ன செய்ய முடியும்? அவசரக் கையிருப்பைச் சீட்டில் வைக்க வேண்டாம் என்பது என் கருத்து.

பிஎஃப்பைப் பொறுத்தவரை மூன்று காரியங்கள். வேலை மாறும்போது எடுக்காதீர்கள், பழைய கணக்கைப் புதியதற்கு மாற்றுங்கள். 2024-25 ஆண்டுக்கு 8.25% வட்டி தந்த சேமிப்பு அது. ஐந்து ஆண்டு தொடர் பணி முடியும் முன் எடுத்தால் வரியும் வரும். நாமினியை ஆன்லைனில் பதிவு செய்யுங்கள். திருமணம் ஆனால் முன்பு போட்ட நியமனம் செல்லாது, மறுபடி போட வேண்டும். இதை மறந்தவர்களின் மனைவிமார் எங்கள் அலுவலகத்துக்குக் காகிதத்தோடு நடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

9. வரி: கட்ட வேண்டியது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

வருமான வரி கணக்கிடப் பழையது, புதியது என இரண்டு முறைகள் உண்டு. 2025-26 நிதியாண்டில் புதிய முறைதான் இயல்பாகப் பொருந்தும். முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அதன் மேல் ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் 5%, 10%, 15%, 20%, 25% என ஏறி, 24 லட்சத்துக்கு மேல் 30%. வரிக்குரிய வருமானம் 12 லட்சத்துக்குள் என்றால் 60,000 வரை தள்ளுபடி, ஆக வரி பூஜ்யம். சம்பளக்காரருக்கு 75,000 நிலையான கழிவு உண்டு. எனவே ஆண்டுச் சம்பளம் 12.75 லட்சம் வரை வருமான வரி கிடையாது.

பிஎஃப் பிடிக்கும் முன் மாதம் சுமார் 34,000 வாங்கும் தம்பி வரிக்காகப் பாலிசி எடுத்திருந்தால், இல்லாத வரியை மிச்சம் பிடிக்க இருக்கும் பணத்தைக் கொடுத்திருப்பார்.

சேமிப்பு, காப்பீட்டுக்கான 80சி கழிவு, வீட்டு வாடகைப்படி, கல்விக் கடன் வட்டிக்கான 80இ எல்லாம் பழைய முறையில்தான். சம்பளம் 12.75 லட்சத்தைத் தாண்டி, வாடகையும் வீட்டுக் கடனும் பெரிதாக இருந்தால் மட்டும் இரண்டையும் போட்டுப் பாருங்கள். வருமான வரித் துறை இணையதளத்திலேயே கணக்கிடும் வசதி இருக்கிறது. சம்பளக்காரர் ஒவ்வோர் ஆண்டும் வரிக் கணக்குத் தாக்கலின்போது முறையை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் கடைசித் தேதிக்குள் தாக்கல் செய்தால் மட்டும்.

பூஜ்யம் என்று நம்பிச் சிக்குபவர்கள் இரண்டு வகை.

நடு ஆண்டில் வேலை மாறியவர் முதல் வகை. முதல் நிறுவனத்தில் ஆறு மாதம் 7 லட்சம், இரண்டாவதில் 7.5 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். இரு நிறுவனமும் தனித்தனியாகக் கழிவும் தள்ளுபடியும் கொடுத்து டிடிஎஸ் (சம்பளத்திலேயே பிடிக்கும் வரி) பிடிக்காமலோ குறைவாகப் பிடித்தோ விட்டுவிடலாம். ஆனால் மொத்தம் 14.5 லட்சம், கழிவு ஒருமுறைதான். 13.75 லட்சத்துக்கு வரி 86,250, செஸ் (வரியின் மேல் போடும் கூடுதல் வரி) சேர்த்து 89,700. ஜூலையில் இதைக் கேட்டு மயங்காமல் இருந்தவர் குறைவு. வட்டியும் சேரும். சேர்ந்த வாரத்திலேயே பழைய சம்பள விவரத்தை அதற்கான படிவத்தில் (2025-26-ல் அது 12பி) புது நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டால், மீதி மாதங்களில் பிரித்துப் பிடித்துக்கொள்வார்கள்.

பங்கு வாங்கி விற்றவர் இரண்டாம் வகை. குறுகிய கால (ஓராண்டுக்குள் விற்ற) லாபத்துக்கு 20% வரி, அதற்குத் தள்ளுபடி பொருந்தாது. 9 லட்சம் சம்பளத்தோடு 20,000 ரூபாய் லாபம் பார்த்தவர், சம்பளத்துக்கு வரி இல்லாவிட்டாலும் 4,160 கட்ட வேண்டும். எஃப் அண்ட் ஓ (பங்குகளின் முன்பேர வணிகம்) விளையாடியவர் நஷ்டப்பட்டிருந்தாலும் ஐடிஆர்-1 என்ற எளிய தாக்கல் படிவத்தைப் போட முடியாது. அது தொழில் வருமானக் கணக்கு, ஆடிட்டரைப் பாருங்கள்.

10. தாக்கல்

நிலையான கழிவு போக வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினால் தாக்கல் கட்டாயம். அதற்குக் கீழ் இருந்தாலும் எங்காவது டிடிஎஸ் பிடித்திருந்தால் தாக்கல் செய்தால்தான் பணம் திரும்பும். சம்பளக்காரர்களுக்கு வழக்கமான கடைசித் தேதி ஜூலை 31. 2025-ல் செப்டம்பர் 16 வரை நீட்டித்தார்கள், அதை நம்பி உட்காராதீர்கள். தவறினால் வருமானத்தைப் பொறுத்து 1,000 அல்லது 5,000 தாமதக் கட்டணம்.

வரிசை இப்படி: ஜூன் நடுவில் படிவம் 16 (நிறுவனம் தரும் சம்பள, வரிப் பிடித்தச் சான்று) வரும். அதை வருமான வரித் துறை இணையதளத்தில் உள்ள 26ஏஎஸ் (உங்கள் பெயரில் பிடித்த வரி), ஏஐஎஸ் (உங்கள் ஆண்டு வரவு விவரம்) இரண்டோடும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் முதலில் நிறுவனத்திடமோ வங்கியிடமோ திருத்தச் சொல்லுங்கள், அப்புறம் தாக்கல். தாக்கல் செய்த 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி மூலம் சரிபார்க்க வேண்டும். இந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டு ரீஃபண்ட் வரவில்லை என்று வருபவர்கள் ஆண்டுக்கு இரண்டு பேராவது உண்டு. சரிபார்க்காத தாக்கல் கணக்கில் சேராது.

"நாப்பதாயிரம் ரீஃபண்ட் வாங்கித் தர்றேன், பத்து பர்சன்ட் கொடு" என்று சொல்லும் ஆட்களிடம் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். இல்லாத நன்கொடையையும் வாடகையையும் எழுதித்தான் அதை வாங்குகிறார்கள். பிடிபட்டால் அபராதம் வரியில் 200 சதவீதம். அதைக் கட்டுவது நீங்கள்.

ஏஐஎஸ்ஸை முதலிலிருந்து கடைசி வரை படியுங்கள். போன ஜூலையில் தம்பி படித்தபோது, தெரியாத ஒரு வங்கிக் கிளையிலிருந்து 58 ரூபாய் சேமிப்பு வட்டி என்று ஒரு பதிவு இருந்தது. கல்லூரியில் உதவித்தொகைக்காகத் திறந்த கணக்கு, முதல் நாள் நோட்டில் எழுத மறந்தது. உள்ளே 2,140 ரூபாய் இருந்தது. கணக்கை மூடி, அதைக் கைமாத்து நண்பருக்கு அனுப்பிவிட்டார்.